பல கணினி, ஒரு நூல்

நுழையும்முன்

ஏட்டிலும் தாளிலும் வளர்ந்த தமிழ் இன்று கணினித் திரையிலும் வாழ்கிறது. ஒரே பணியைப் பள்ளியிலும் வீட்டிலும் வெளியிடங்களிலுமாகப் பல கணினிகளில் செய்யும் காலம் இது. கருவிகள் பெருகும்போது அவற்றைக் கையாளும் ஒழுங்கும் பெருகவேண்டும். அவ்வொழுங்கைச் சுவடிப் பதிப்பின் வழியாகவும் இணையநூல் முயற்சியின் வழியாகவும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சுவடி கற்பித்த பாடம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அத்தகடூரே இன்றைய தருமபுரி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கொடைச் செய்தியை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்தது புறநானூறு. அந்நூலோ ஒரே இடத்தில் பாதுகாக்கப்பட்டு வந்ததன்று. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும், வெவ்வேறு கைகள் எழுதிய ஏடுகளாகச் சிதறிக் கிடந்தது. ஓர் ஏட்டில் இருந்த அடி மற்றோர் ஏட்டில் இல்லை; ஒன்றில் ஒரு சொல்லாக இருந்தது மற்றொன்றில் வேறு சொல்லாக இருந்தது.

உ.வே. சாமிநாதர் அவ்வேடுகளைத் தேடித் தொகுத்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார், எந்த ஏடு எவரிடமிருந்து கிடைத்தது என்பதையும் நன்றியுடன் பதிவுசெய்தார். 1894இல் புறநானூறு அச்சேறியது. நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. பாடல்களுக்கு வரிசையெண் இருந்தமையால்தான் அவ்விழப்பும் புலப்படுகிறது. எண்ணில்லாத தொகுப்பில் எது இருக்கிறது என்பதை அறியலாம். எது தொலைந்தது என்பதை அறிய வழியில்லை.

ஒரே பணியின் படிகள் பல இடங்களில் இருக்கும்போது எழும் வினாக்கள் மூன்று. எது மூலப்படி? எது பிந்தியது? எங்கே மாறுபாடு நேர்ந்தது? ஏட்டுக்குரிய இவ்வினாக்கள் அப்படியே கணினிக்கும் உரியவை.

மதுரைத் திட்டம்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனைத் தலைமையேற்று நடத்தினார். தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுசெய்து, உலகெங்கும் உள்ளோர் விலையின்றிப் படிக்குமாறு இணையத்தில் அளிப்பதே அதன் நோக்கம். தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தனர். ஒருவர் தட்டச்சுசெய்ததை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலேயே, தத்தம் கணினிகளில் அமர்ந்து அவர்கள் ஒரே நூலகத்தைக் கட்டினர்.

இத்தகைய பணி குழப்பத்தில் முடியாமல் இருப்பதற்கு எளிய விதியொன்று பெரிதும் துணைநின்றது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் தரப்பட்டது. முதல் எண் திருக்குறளுக்கு உரியது. நூலின் எண்ணே கோப்பின் பெயரிலும் இடம்பெற்றது. எழுத்துமுறை மாறிய பிறகும் அந்நூலின் எண் மாறவில்லை. எந்த எழுத்துமுறையில் அமைந்த படி என்பதைக் குறிக்கும் எழுத்துகள் மட்டுமே பெயரில் சேர்ந்தன. கோப்பைத் திறவாமலேயே, அது எந்த நூல், எவ்வகைப் படி என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

எழுத்தைக் காத்த எண்

அக்காலத்தில் மற்றொரு தடையும் இருந்தது. தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு குறியெண்களில் வைத்திருந்தன. ஒரு கணினியில் தட்டச்சுசெய்த பக்கத்தை அதே எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. கோப்பு அழியவில்லை, ஆயினும் படிக்க இயலவில்லை. மதுரைத் திட்ட நூல்கள் முதலில் தனி எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கி முறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளியாயின.

ஒருங்குறியில் உலக மொழிகள் பலவற்றின் எழுத்துக்குறிகளுக்குத் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. ஆகவே தருமபுரியில் தட்டச்சுசெய்த ‘அ’ டொராண்டோவிலும் ‘அ’ என்றே தோன்றும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியையும் ‘டேஸ் 16’ என்னும் குறியீட்டு முறையையும் தரப்பாடுகளாக ஏற்றது. பல கணினிகளில் பணியாற்றுவோர் தம் கோப்புகளை ஒருங்குறியில் அமைத்துக்கொள்வது முதற்கடமையாகும்.

ஒரு பணியும் மூன்று கணினிகளும்

அரூரை அடுத்த சிற்றூரில் வாழும் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வட்டாரத்து நடுகற்களைப் பற்றிச் செய்திகளைத் திரட்டுவதாகக் கொள்ளலாம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறாள். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பகுதியையும், வீட்டு மடிக்கணினியில் மற்றொரு பகுதியையும், பேருந்து நிலையத்தருகே உள்ள கணினி மையத்தில் எஞ்சியதையும் எழுதுகிறாள். மூன்று இடங்களிலும் ‘நடுகல்’, ‘நடுகல் புதியது’, ‘நடுகல் கடைசி’ எனக் கோப்புகள் பெருகுகின்றன. ஒப்படைக்கும் நாளில் எது கடைசி என்பது அவளுக்கே விளங்காது. பழைய படி புதிய படியின்மேல் பதிந்துவிட்டால், ஒரு மூதாட்டி நினைவிலிருந்து சொன்ன செய்தி மீளாமலே போகும். அதைச் சொன்னவர் மறுமுறை கேட்கும் நாள்வரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இவ்விடரை நீக்கும் வழிகள் அரியன அல்ல. முதலாவது, மூலப்படி ஒன்றே இருக்கவேண்டும். அஃது இணையச் சேமிப்பிலோ பென் டிரைவிலோ ஓரிடத்தில் இருக்கட்டும். எந்தக் கணினியில் அமர்ந்தாலும் பணியைத் தொடங்குமுன் அதனைக் கொணர்தலும், முடித்தபின் அங்கேயே சேர்த்தலும் வழக்கமாகவேண்டும்.

இரண்டாவது, கோப்பின் பெயரில் நாள் இடம்பெறவேண்டும். அதிலும் ஆண்டு முதலிலும் திங்கள் அடுத்தும் தேதி இறுதியிலும் அமையவேண்டும். கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால், ‘2024-07-15’ என்று எழுதினால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். தேதியை முதலில் எழுதினால் எல்லாத் திங்களின் பதினைந்தாம் நாளும் ஒன்றாய்க் கலந்துவிடும்.

மூன்றாவது, எல்லாக் கணினிகளிலும் கோப்புறைகளின் அமைப்பு ஒன்றுபோல் இருக்கவேண்டும். சமையலறையில் உப்பு இருக்கும் இடத்தை இருட்டிலும் கை அறிவதுபோல, தேடாமலே கோப்பு கைக்கு எட்டவேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு நாளும் செய்ததையும் எஞ்சியதையும் ஓரிரு வரிகளில் குறிப்பது நன்று. மறுநாள் வேறொரு கணினியில் அமரும்போது நினைவை அக்குறிப்பு தூண்டும். பொதுக் கணினியாயின், கணக்கிலிருந்து வெளியேறியபின்னரே எழவேண்டும். கடவுச்சொல்லை அக்கணினியில் சேமித்தல் கூடாது.

ஒத்திசைவும் காப்பும்

பல கணினிகளில் ஒரே கோப்பை ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு வசதி இன்று எளிதில் கிடைக்கிறது. ஆயினும் ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. ஒத்திசைவு நன்மையைப் பரப்புவது போலவே தவற்றையும் பரப்பும். ஒரு கணினியில் கைதவறி அழித்தது மற்றக் கணினிகளிலும் அழியும். காப்புப்படியோ அம்மாற்றத்தால் தீண்டப்படாமல் தனியே நிற்கும். ஊர் முழுவதும் ஒரே கிணற்று நீரைக் குழாய்வழிப் பகிர்வது ஒத்திசைவு. விதைநெல்லைக் குதிரில் தனியே வைப்பது காப்பு. வேளாண்குடிகள் எந்தப் பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடத் தயங்கியதன் பொருள் இங்கும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

காப்புப்படிக்கு ‘3-2-1’ என்னும் நெறி உலகெங்கும் சொல்லப்படுகிறது. மூன்று படிகள் இருக்கவேண்டும். அவை இருவகைச் சேமிப்புக் கருவிகளில் இருக்கவேண்டும். ஒரு படியேனும் வேறோர் இடத்தில் இருக்கவேண்டும்.

ஏடுகள் பல ஊர்களில் இருந்தமையால் புறநானூறு பிழைத்தது. ஒருவர் அவற்றை ஒப்பிட்டு ஒழுங்குசெய்தமையால் அது நூலாயிற்று. பரவலும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும். இரண்டனுள் ஒன்று குறையினும் இழப்பு நேரும். இன்றைய மாணவர் தம் ஊரைப் பற்றி எழுதும் பக்கங்கள் நாளைய ஆய்வாளருக்கு மூலச்சான்றாகலாம். அவற்றைப் பெயரிட்டும் எண்ணிட்டும் படியெடுத்தும் வைப்பது, தமக்குப் பின்வருவோருக்குச் செய்யும் கொடையாகும்.