கலங்கலே அழகு: பெங்களூருவில் ஒரு கோதுமை பீர்

திருப்பாச்சூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி பக்கமெல்லாம் பீர் என்றால் ஒரே அர்த்தம்தான். டாஸ்மாக் பாட்டில், கண்ணாடி மாதிரி தெளிந்த பொன்னிறம், ஜில்லென்று தொண்டையில் இறங்கினால் சரி. ருசி பார்க்க யாரும் நிதானிப்பதில்லை. அதே ஆட்கள் பெங்களூரு போய், கடைக்குள்ளேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் ‘புரூ பப்’பில் உட்கார்ந்தால் முதல் கிளாஸிலேயே குழம்பிவிடுகிறார்கள். “என்னப்பா, நீராகாரம் மாதிரி கலங்கியிருக்கு... கெட்டுப்போச்சா?”

கெட்டுப்போகவில்லை. கோதுமை பீர் அப்படித்தான் இருக்கும்!

திருவள்ளூரிலிருந்து அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் சுமார் 320 கிலோமீட்டர். பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, மெட்ரோவின் பர்ப்பிள் லைனைப் பிடித்தால் இந்திரா நகர். அங்கே 100 அடி ரோட்டில் இருக்கிறது, 2010-ல் தொடங்கப்பட்ட ‘டாய்ட்’. நகரின் புரூ பப் மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட கடைகளில் ஒன்று. வார இறுதியில் இடம் கிடைப்பது கஷ்டம். வார நாளில், மதியம் போவதே புத்திசாலித்தனம்.

இங்கே கிடைக்கும் ‘டாய்ட் வைஸ்’, ஜெர்மனியின் பவேரியா பாணி கோதுமை பீர். அந்த ஊர் வழக்கப்படி, போடும் மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் முளைகட்டிய கோதுமை இருக்க வேண்டும், மீதி பார்லி. கோதுமையின் புரதமும், வடிகட்டாமல் விட்ட ஈஸ்ட்டும் சேர்ந்துதான் அந்தக் கலங்கல்.

பவேரியாவில் 1516-ல் வந்த சட்டம், பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்றது. கோதுமை ரொட்டிக்குப் போகட்டும் என்பது ஒரு காரணம். பிறகு கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை அரச குடும்பமே வைத்துக்கொண்டு காசு பார்த்தது தனிக்கதை!

சரி, நல்லதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? சர்வதேசப் போட்டிகளில் நடுவர்கள் பயன்படுத்தும் மதிப்பெண் தாள் ஒன்று இருக்கிறது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ‘கலங்கியிருக்கே’ என்று பயந்தவர்களுக்கு அதுவே பதில்.

முதலில் மூக்கு. கிளாஸை லேசாகச் சுழற்றி முகர்ந்தால் வாழைப்பழ வாசனை முந்திக்கொண்டு வர வேண்டும், பின்னாலேயே கிராம்பு. இரண்டையும் யாரும் சேர்க்கவில்லை. ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகப் பிறப்பவை. ஒன்று மற்றொன்றை அமுக்காமல் இருந்தால் காய்ச்சியவர் கைதேர்ந்தவர். வெண்ணெய் வாடையோ, மருந்து வாடையோ, காடிப் புளிப்போ வந்தால் மார்க்கைக் குறைத்துவிடலாம்.

அடுத்து நுரை. வெள்ளையாக, திக்காக, சீக்கிரம் அடங்காமல் நிற்க வேண்டும். பிறகு ஒரு மடக்கு. கசப்பு மிகக் குறைவு, ரொட்டி மாதிரி மெல்லிய தானியச் சுவை, நாக்கில் துள்ளும் கேஸ், விழுங்கியதும் இனிப்பு தங்காத முடிவு. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் இவை எதுவும் தெரியாது. இரண்டு நிமிடம் கிளாஸைச் சும்மா வைத்தால்தான் வாசனை எழும்பும். பாட்டில் பழக்கத்தில் அவசரப்படுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

கோதுமை பீரிலேயே பெல்ஜியம் பாணி ஒன்றும் உண்டு. அதில் ஆரஞ்சுத் தோலும், நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிக் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். இரண்டையும் சின்ன கிளாஸில் வாங்கி ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும்.

தீர்ப்பு? வெயில் நேரத்து மதியச் சாப்பாட்டுக்கு, மீன், சிக்கன் வகைகளோடு கோதுமை பீர் நன்றாகவே ஒத்துப்போகும். ‘ஸ்ட்ராங்’ தேடுபவருக்கு ஏமாற்றம்தான். ஆனால், இதமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இந்த வகையில் ஆல்கஹால் பொதுவாக சுமார் 5 சதவிகிதம் இருக்கும். மூன்றாவது கிளாஸில் நாக்கும் நிதானம் இழக்கும், காலும் இழக்கும்.

ருசிக்கு ஒரு கிளாஸ் போதும். திரும்பும்போது பைக் சாவியைத் தொடாமல் மெட்ரோவுக்கு நடந்துவிடுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு வாழைப்பழ வாசனையைவிட நீங்கள் பத்திரமாகத் திரும்புவதுதான் முக்கியம்.

(மது அருந்துதல் உடல்நலத்துக்குத் தீங்கானது.)