சிஸ்டர், நீங்க என்ன பண்ணிக்கிட்டீங்க?

புடவைக் கடையில், விற்கிற பெண்ணிடம் கேட்போம்: “நீயா இருந்தா எதைம்மா எடுப்பே?” ஹோட்டலில் சர்வரிடம் கேட்போம்: “இன்னிக்கு எது நல்லாயிருக்கு?” ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தக் கேள்வி நமக்கு வாயில் வராது.

எனக்கும் தற்செயலாகத்தான் வந்தது. 2006. இரண்டாவது பிரசவம் முடிந்து படுத்திருந்தேன். “அப்படியே ஆபரேஷனையும் பண்ணிடுங்க டாக்டர்” என்று மாமியார் சொல்லியாகிவிட்டது. எனக்கு வயசு இருபத்தாறு. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி பி.பி. பார்க்க வந்த சிஸ்டருக்கும் ஏறக்குறைய என் வயசுதான். இரண்டு பிள்ளைகள் என்றார். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: “நீங்களும் ஆபரேஷன்தானா சிஸ்டர்?”

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். “நான் காப்பர்-டி போட்டிருக்கேன். மூணு வருஷமாச்சு.”

“அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்னு சொல்றாங்களே?”

சிரித்துவிட்டார். “கர்ப்பப்பைக்குள்ள இருக்கிறது நெஞ்சுக்கு எப்படிங்க போகும்? முதல் சில மாசம் தீட்டு கொஞ்சம் அதிகமாப் போகலாம், வயித்துவலி இருக்கலாம். பத்து வருஷம் தாங்கும். வேணாம்னா எடுத்துடலாம். தினமும் போட்டுவிடறேன், எடுத்துவிடறேன். கண்ணால பார்க்கப் பார்க்கப் பயம் போயிடுச்சு.”

போகும்போது இன்னொன்றும் சொன்னார். அவருக்கு நாகப்பட்டினம் பக்கம். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். வெட்டிய குழாயை மறுபடி இணைக்க அரசாங்கமே அவர்களுக்கு இலவச சிகிச்சை ஏற்பாடு செய்தது. “சேர்த்தாலும் எல்லாருக்கும் தங்கறதில்லைங்க” என்றார்.

விடிந்ததும் டாக்டரிடம், “எனக்கு இப்போ ஆபரேஷன் வேண்டாம்” என்றேன். ஆறு வாரம் கழித்து காப்பர்-டி போட்டுக்கொண்டேன். அதற்கு முன் வீட்டில் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தேன். ஆண்களுக்கான ஆபரேஷன் சுலபம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்று. “என் பிள்ளை பாரம் தூக்கக் கூடாதுன்னு ஆயிடுமே!” என்று பதறினார் மாமியார். அவர் பிள்ளை வங்கியில் பேனா தூக்குகிறவர்!

2015-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. குடும்பக் கட்டுப்பாட்டு சேவை தரும் டாக்டர், நர்ஸ் பெண்களிடமே ‘நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். நூற்றுக்கு 42 பேர் காப்பர்-டி போல கர்ப்பப்பையில் வைப்பதையோ, கையில் தோலுக்கு அடியில் பதிக்கும் குச்சியையோ சொன்னார்கள். பொதுவாக அந்த நாட்டுப் பெண்களில் அது 12 பேர்தான். படித்ததும் எனக்கு அந்த சிஸ்டரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நம் ஊர்க் கணக்கு? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது? ஆயிரத்துக்கு ஒருவர்!

ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. இனி பிள்ளை வேண்டாம் என்று தானே தீர்மானித்தவருக்கு அது நல்ல வழிதான். சிஸ்டருக்குச் சரிப்பட்டது எல்லோருக்கும் சரிப்படும் என்பதும் இல்லை. ஏற்கெனவே தீட்டு அதிகம் போகிறவருக்கு டாக்டர் வேறு வழி சொல்லக்கூடும். ஆனால், அந்த சிஸ்டர் நாலு வழியையும் தெரிந்துகொண்டு ஒன்றை எடுத்தார். எனக்கு ஒரே வழிதான் காட்டப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போன மாசம் தங்கை மகளுக்குப் பிரசவம். “டாக்டர் சொல்றதைக் கேட்டுக்கோ. அப்புறம் ராத்திரி டியூட்டி சிஸ்டர் வருவாங்க. அவங்க என்ன பண்ணிக்கிட்டாங்கன்னும் கேளு” என்று சொல்லி அனுப்பினேன்.

“அதெல்லாம் எப்படி பெரியம்மா கேக்கறது?” என்று கூச்சப்பட்டாள்.

புடவைக்குக் கேட்கிறோமே, கண்ணு!