திக்கித் திக்கி ஒரு கதை

எனக்குத் திக்குவாய். ‘க’, ‘ப’, ‘ட’ என்று தொடங்கும் சொற்கள் தொண்டையிலும் உதட்டிலும் சிக்கி வெளியே வர மறுக்கும். நாற்பது வயதைத் தாண்டியும் போனில் பெயரைக் கேட்டால் எனக்கு வியர்த்துவிடுகிறது. இதையெல்லாம் ஊரறியச் சொல்லும் தேவை இதுவரை வந்ததில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் என் மகள். அவளுக்குத் தினமும் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டியவன் நான்தான். அவள் படிக்கக் கற்றதும் அந்த வாசிப்பில்தான். பிள்ளைக்கு வாசித்துக் காட்ட இனிய குரலும் தடுக்காத நாக்கும் வேண்டும் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் பள்ளிக்காலத்தில் வாசிப்பு என்றால் எழுந்து நிற்பது. தமிழ் வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தி. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, என் முறைக்கு வரப்போகும் பத்தியைக் கண்டுபிடித்து, அதில் எந்தெந்தச் சொல் சிக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் வாசித்ததில் ஒரு வரிகூடக் காதில் ஏறாது. நான் எழுந்து முதல் சொல்லிலேயே சிக்கி நிற்கும்போது, பின்வரிசையிலிருந்து யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். எனக்கோ என் சொல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும். வாயைத் திறக்காமல் படிக்கக் கிடைத்த அம்புலிமாமாவும் கோகுலமும் பூந்தளிரும்தான் அந்த வயதில் எனக்கு ஆறுதல்.

மகள் பிறந்தாள். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். நைட் டியூட்டி வாரங்களில் குழந்தையைத் தூங்கவைப்பது என் பொறுப்பு. முதல் புத்தகத்தை நான் கையில் எடுத்ததைப் பார்த்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தம்பி, நீ வாசிக்காதடா. புள்ளைக்கும் ஒட்டிக்கப்போவுது. அவ அம்மா வந்து சொல்லட்டும்.” அம்மா என்மேல் உள்ள பாசத்தில் சொன்னது அது. என் மனத்துக்குள் அதைவிடப் பெரிய பயம் இருந்தது. திக்குவாய் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொள்ளும் ஒன்றல்ல என்று பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் எனக்கு முன்பே விளக்கியிருந்தார். ஆனால் சில குடும்பங்களில் அது வழிவழியாக வரும் என்பதையும் அவரே சொல்லியிருந்தார். நூறு குழந்தைகளில் ஐந்து பேருக்காவது சிறுவயதில் ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சு திக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு நிலைத்துவிடும். அந்த நூற்றில் ஒருவன் நான். என் மகள் எந்தப் பக்கம் நிற்பாள் என்பது என் வாசிப்பின் கையில் இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குத் தெரிய நாளானது.

தொடங்கியது நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட மெல்லிய படப்புத்தகங்களில். பிறகு தூலிகா, பிரதம் புக்ஸ். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. பெரும்பகுதி படம்தான். எனக்குத் தோதான புத்தகங்கள் அவை. சொல் சிக்கினால் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும் நேரத்தில் குழந்தை படத்தின் மூலையில் இருக்கும் எறும்பைக் கண்டுபிடித்துவிடும். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த எறும்புக்கு நேரம் கொடுப்பதில்லை என்பதைப் பிறகு பல வீடுகளில் பார்த்தேன்.

திக்குபவர்களில் பலருக்கும் ஒரு பழக்கம் கைவந்திருக்கும். சிக்கப்போகும் சொல் தூரத்தில் தெரியும்போதே வேறு சொல்லுக்கு மாறிக்கொள்வது. பேச்சில் இது யாருக்கும் தெரியாது. கதையிலும் நான் அதையே செய்தேன். ‘பெரிய யானை’ என்று அச்சில் இருந்தால் வெறும் ‘யானை’. ‘குரங்கு மரத்தில் ஏறியது’ என்றால் ‘அது மரத்துல ஏறிச்சு’. இரண்டு, மூன்று வாரம் பிழைப்பு இப்படி ஓடியிருக்கும். அதற்குள் மகள் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டாள். அவள் அம்மா வாசித்ததும் அவள் காதில் இருந்தது. “அப்பா, ‘பெரிய’ விட்டுட்ட” என்றாள். திரும்ப வாசித்தேன். மறுபடி தாவினேன். “விட்டுட்டப்பா.” மூன்று வயதுக் குழந்தை விடவில்லை. அச்சில் இருக்கும் சொல் அதே இடத்தில், அதே வடிவில் வந்தாக வேண்டும் அவளுக்கு. எத்தனையோ பெரியவர்களிடமிருந்து தப்பிய என்னால் அவளிடம் தப்ப முடியவில்லை.

‘பெ’ என்று உதடு ஒட்டி நின்றது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் தானும் உதட்டைக் குவித்து, நான் தொடங்கும் நேரத்தில் என்னோடு சேர்ந்து சொன்னாள்: “பெரிய யானை.” சொல் தடையில்லாமல் வந்துவிட்டது. எனக்கு முந்திக்கொண்டு சொல்லாமல் என்னோடு சேர்ந்து அவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிக்கும்போது திக்குபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பேச்சு சரளமாகிவிடும் என்பது பேச்சு மருத்துவத்தில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. காதால் கேட்டிருந்த நான் அதை வாயால் உணர்ந்தது என் மகளோடுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வாசிப்பு இரண்டு பேர் வாசிப்பானது. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதைகளாகத் தேடி எடுத்தேன். ஒரு விலங்குக்குப் பின் இன்னொன்றாக வந்து சேர்ந்துகொண்டே போகும் கதை, ஒவ்வொரு பக்கத்திலும் அதே கேள்வியைக் கேட்கும் கதை. அந்த வரி வந்ததும் இருவரும் சேர்ந்துகொள்வோம். ஒரே புத்தகத்தை மாதக்கணக்கில் வாசித்தோம். சலிக்கவில்லையா என்று கேட்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பாதுகாப்பு. அவளுக்கோ அடுத்து வருவது தெரிந்திருப்பதே இன்பம். சிறு குழந்தைகள் கேட்ட கதையையே கேட்பது அதனால்தான். ‘புதுசு படிக்கலாமே’ என்று நாம் அவசரப்படக் கூடாது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வீட்டில் நாங்கள் பேசுவது காவிரி டெல்டாப் பக்கத்துப் பேச்சு. ‘வந்தாங்க’, ‘போவுது’, ‘ஏறிச்சு’. அவளோ பொம்மைகளை வைத்து விளையாடும்போது “யானை சொன்னது, எல்லோரும் வாருங்கள்” என்று பேசத் தொடங்கினாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாத வயதில் புத்தகத் தமிழ் அவள் காதுக்குள் குடியேறியிருந்தது. பள்ளியில் சேரும் தமிழ்க் குழந்தை எழுத்தை மட்டும் கற்பதில்லை. வீட்டில் யாரும் பேசாத ஒரு நடையையும் சேர்த்துக் கற்கவேண்டியிருக்கிறது. 1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நாம் முதலாவதற்காகக் குழந்தையைப் பிழிந்தெடுக்கிறோம். இரண்டாவது பெரும்பாலும் காது வழியே வருவது. அதற்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவதற்கும் காது எவ்வளவு தேவை என்பது அவள் ஒன்றாம் வகுப்பில் ‘ட’, ‘ப’, ‘ம’ கற்றபோது தெரிந்தது. ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் ‘பா’ வேறு ஒலி, கடைசி ‘பு’ வேறு ஒலி. ‘காகம்’ என்பதில் முதல் எழுத்து அழுத்தமாக ஒலிக்கும், நடுவில் வரும் ‘க’ மெலிந்துவிடும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கும் குழந்தை ஒவ்வொரு எழுத்தையும் தட்டித் தட்டி ஏதோ ஒரு ஒலிக்கோவையைச் சொல்லிவிட்டு நிற்கும். சொல்லைக் கேட்டிருந்த குழந்தைக்கு அந்த ஒலிக்கோவையிலிருந்து பாம்பு சட்டென்று தலைநீட்டும். கொம்பு வைத்த எழுத்துகள் இன்னும் கடினம். ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ‘கொ’ என்றால் மெய்க்கு இரு பக்கமும் குறிகள். இடமிருந்து வலமாகப் போகும் சின்னக் கண் அங்கே தடுமாறத்தான் செய்யும். அதைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ சொல்வது அநியாயம்.

அவள் தடுமாறி நின்ற இடங்களில்தான் என் நாக்கின் அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. குழந்தை ‘கொ… கொ…’ என்று நிற்கும்போது ‘கொக்கு’ என்று சொல்லிவிட நம் வாய் துடிக்கும். எனக்கும் துடித்தது. ஆனால் பாதியில் நிற்கும் சொல்லை இன்னொருவர் முடித்துவைத்தால் எப்படி இருக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டால் சொல்வேன். கேட்காதவரை விரல் அந்தச் சொல்லுக்கடியிலேயே இருக்கும், என் பார்வை புத்தகத்தில் இருக்கும், முகத்தில் அவசரம் இருக்காது. சொல் வந்தபிறகு அந்த முழு வரியையும் இருவரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்போம். எழுத்துகளில் சிதறிப்போன பொருள் அந்தச் சேர்வாசிப்பில் திரும்ப ஒன்றுகூடும். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதுதான்.

கதை முடிந்ததும் நான் கேள்வி கேட்டதில்லை. ‘இந்தக் கதையால் அறியும் நீதி என்ன?’ என்ற கேள்வி எத்தனையோ நல்ல கதைகளைப் பரீட்சையாக்கிவிட்டது. அவள் கேட்டால் பதில் சொல்வேன். சும்மா படுத்திருந்தால் விளக்கை அணைப்பேன்.

புத்தகத்துக்கு நாங்கள் பெரிதாகச் செலவு செய்யவில்லை. எங்கள் ஊர் மன்னார்குடி. பக்கத்து மேலவாசலிலிருந்து 1931இல் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்ட மண் இது. இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதனின் பெயரோடு சேர்ந்த வரலாறு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், சிறுவர் அலமாரிக்கு முன்னால் அவளை உட்கார வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். எடுப்பது அவள் இஷ்டம். அரசுப் பள்ளிகளில் 2023இல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களும் கிடைத்தன. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றைப் படிநிலையாகப் பிரித்திருந்தார்கள். குழந்தை தன் பலத்துக்கேற்ற புத்தகத்தை எடுக்க வெட்கப்படாதபடி செய்த ஏற்பாடு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். எல்லா வகுப்பறைகளிலும் அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் இல்லாமல் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்குத் திக்கவில்லை. தனியாகவே தடித்த புத்தகங்களைப் படிக்கிறாள். எனக்கு இன்னும் திக்குகிறது. வாசிப்பு என் நாக்கைக் குணப்படுத்தவில்லை. ஆனால் ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க நான் இப்போது பயப்படுவதில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் திக்கும் பிள்ளையோ, எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையோ இருந்தால் தனியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க விடுங்கள். அதற்குத் தனிப் பயிற்சியோ கருவியோ எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் இதுவே. நீங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம், எழுத்துக்கூட்டிப் படிப்பவராக இருக்கலாம், குரல் கரகரப்பாக இருக்கலாம். உங்கள் பிள்ளை அதையெல்லாம் பார்ப்பதில்லை. இன்று ராத்திரியே ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.