எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை

எங்கள் ஆசிரியர் ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த கரிசல் வட்டாரத்தின் சொற்களை முப்பது ஆண்டுகளாக அட்டைகளில் எழுதிவந்தார். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. சொல், பொருள், யார் சொல்லக் கேட்டது, எந்த ஊர், எந்த நாள். 1997இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ நாலாயிரம் அட்டைகள் இருந்தன. மாணவர்களாகிய நாங்கள் நால்வரும் அவற்றைக் கணினியில் ஏற்ற முடிவு செய்தோம். சிற்றச்சகம் ஒன்றில் மாலை வேளைகளில் ஒரு கணினியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பதினான்கு மாத உழைப்பு மூன்று நெகிழ்வட்டுகளில் அடங்கிற்று. ஏற்றியாகிவிட்டது என்ற நிம்மதியில் அட்டைப் பெட்டிகளை ஒரு நண்பரின் வீட்டுப் பரணில் வைத்தோம். மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது.

நெகிழ்வட்டுகளும் நெடுநாள் உழைக்கவில்லை. நல்லவேளையாக, வெளிநாடு சென்ற நண்பருக்குக் கோப்பின் வெறும் எழுத்துப்படி ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தோம். அவர் அதைக் குறுந்தகட்டில் எழுதி, பின்னர் வன்தட்டுக்கு மாற்றிக் காப்பாற்றி வைத்திருந்தார். 2009இல் அதைத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும். அச்சகம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அங்கிருந்த எழுத்துரு வெளிச்சந்தையில் விற்கப்பட்டதன்று. யாரோ ஒருவர் அவர்களுக்கென்றே செய்துகொடுத்தது.

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் நம் மேசைக் கணினிகளுக்கு அது வந்துசேரப் பத்தாண்டு பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை எழுத்துகளுக்கு ஒதுக்கினார்கள். ஒருவருக்குக் ககரமாக இருந்த எண் மற்றவருக்குச் சகரம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. இணையத்தில் இருந்தவர்கள் திஸ்கியைப் புழங்கினார்கள். எங்கள் கோப்பு இவை எதிலும் சேராதது.

எங்களுள் நூலகத் துறைக்குச் சென்ற நண்பர் ஒருவர்தாம் ஓ.ஏ.ஐ.எஸ். என்னும் மாதிரியைப் பற்றிச் சொன்னார். 2003இல் ஐ.எஸ்.ஓ. 14721 என்ற எண்ணோடு பன்னாட்டுத் தரமாயிற்று. நூலகத்தார் முதலில் வகுத்ததன்று. விண்கலங்கள் அனுப்பிய தரவுகளை வைத்துக்கொண்டு திண்டாடிய விண்வெளி நிறுவனங்கள் கூடி வகுத்தது. அதில் எங்களைத் தைத்தது ஒரே கருத்து: கோப்பை மட்டும் வைத்திருப்பது காப்பது ஆகாது, அந்த எண்களை எழுத்தாக்கப் படிப்பவருக்கு வேண்டிய விளக்கத்தையும் உடன்வைக்க வேண்டும். எவ்வளவு விளக்கம் என்பது எந்தச் சமூகத்துக்காகக் காக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அச்சமூகத்துக்கு இன்று தெரிந்ததை எழுதிவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவு எப்போது தேய்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதன்று என்று எங்களுக்குத் தோன்றிற்று. ஏட்டில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். ஆயினும் படித்தார்கள். படிக்கும் முறை ஓலையில் இல்லை. ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கு வாய்வழியாக வந்தது. அச்சகத்தின் அந்தக் கணினியே எங்கள் ஏட்டுக்கு ஆசிரியராக இருந்தது என்பதை அது பழைய இரும்புக்குப் போனபிறகு உணர்ந்தோம்.

பிழை திருத்துவதற்காக அச்சிட்ட முப்பது பக்கங்கள் ஒரு நண்பரின் பெட்டியில் கிடைத்தன. அவற்றைக் கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டு எந்த எண் எந்த எழுத்து என்று அட்டவணை போட்டோம். அப்போதுதான் இன்னொரு கேடு தெரிந்தது. 128 முதல் 159 வரையான எண்களில் இருந்த எழுத்துகளை, மின்னஞ்சல் வந்த வழியில் ஏதோ ஒரு மென்பொருள் விழுங்கியிருந்தது. ழகரம், றகரம், சில உயிர்மெய்கள். விழுந்த இடத்தில் சுவடுகூட இல்லை. சொல் குறுகிப்போயிற்று, அவ்வளவே. செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்ணை அன்றே குறித்துவைத்திருந்தால், படி பழுதானது முதல் நாளே தெரிந்திருக்கும். அட்டைகளும் அப்போது பரணில் நலமாகவே இருந்தன.

பொருள் விளக்கங்களைச் சரிசெய்வது எளிது. 'மை பெய்தது' என்றிருந்தால் மழை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். தலைச்சொற்களை அப்படிச் செய்ய இயலாது. எந்த அகராதியிலும் இல்லை என்பதால்தானே ஐயா அவற்றைத் தொகுத்தார்? 'தாவல்' என்றொரு சொல் நிற்கிறது. பொருள், கிணற்றுப் படியில் காலையில் மட்டும் விழும் வெயில். நடுவே ஒரு ழகரமோ றகரமோ விழுந்துபோனதா, வெயில் தாவி இறங்குவதால் அது தாவலேதானா? சொன்னவர் பெயரும் ஊரும் இருந்தன. போய் விசாரித்தோம். அந்தக் கிழவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வீட்டில் யாருக்கும் அச்சொல் தெரியவில்லை. கிணறும் தூர்ந்துவிட்டது.

மீட்டதைப் பிடிஎஃப் கோப்பாகப் பூட்டிவிடலாம் என்று முதலில் எண்ணினோம். நெடுங்காலக் காப்புக்கென்றே 2005இல் பிடிஎஃப்/ஏ என்ற தரம் வந்திருந்தது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துவைக்கச் சொல்வது அது. நூலக நண்பர் தடுத்தார். அத்தரத்தின் 'பி' நிலை தோற்றத்துக்கு மட்டுமே உறுதி தருகிறது. 2011இல் வந்த இரண்டாம் பகுதியின் 'யு' நிலைதான் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒருங்குறி எண் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு பெரும்பாலும் பொருட்டில்லை. நமக்கோ இதுவே எல்லாம். பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை வெட்டி ஒட்டிப் பாருங்கள், குப்பை வரும். தேடினால் எதுவும் அகப்படாது. தமிழ் ஆய்விதழ்களின் மின்படிகளில் இத்தகையவை எத்தனையோ. நூலகங்கள் 'பி' நிலையோடு மனநிறைவு கொள்வதை எங்களால் ஏற்க முடியவில்லை; நாளைய ஆய்வாளருக்கு அது படமேயன்றி நூலன்று.

இப்போது ஐயாவின் தொகுப்பு ஒருங்குறியில் வெறும் எழுத்துக்கோப்பாக இருக்கிறது. உடன் 'யு' நிலைப் பிடிஎஃப் ஒன்று, பழைய கோப்பு அதன் குப்பையோடு அப்படியே, எங்கள் எண் அட்டவணை, அந்த முப்பது பக்கங்களின் ஒளிவருடல், சரிபார்ப்பு எண்கள். மூன்று ஊர்களில் மூன்று படிகள். ஆண்டுக்கொருமுறை பொங்கல் விடுமுறையில் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஐயத்துக்குரிய தலைச்சொற்கள் 212. ஊகித்து நிரப்பவில்லை, ஒவ்வொன்றின் அருகிலும் கேள்விக்குறி இட்டிருக்கிறோம். அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் யாரையேனும் சந்திக்க நேர்ந்தால் பட்டியலை எடுத்துக்கொண்டு போகிறோம். இதுவரை ஒன்பது சொற்கள் திரும்பிவந்துள்ளன.