மங்கிய ஒளித்தகடு

உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியோடு சமன்செய்யும் கருவியே கம்ப்ரஸர். 1960-களில் அமெரிக்காவின் டெலிட்ரோனிக்ஸ் உருவாக்கிய எல்ஏ-2ஏ-வின் சுற்றைப் பின்பற்றி, வால்வுகளைக் கொண்டு வீட்டிலேயே ஒன்றை அமைத்தேன். ஒலி தெளிவாகவே கடந்து சென்றது. ஆனால் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அது தாழவுமில்லை, மீட்டரின் முள் அசையவுமில்லை. ஆகவே பழுது ஒலியின் பாதையில் அன்று, அதைக் கட்டுப்படுத்தும் பகுதியிலேயே இருக்கவேண்டும்.

அங்கே ஒலியின் அளவுக்கேற்ப ஒரு சிறு தகடு ஒளிரும். அவ்வொளி பட்டதும் எதிரேயுள்ள ஒளியுணரியின் மின்தடை குறைந்து ஒலி தாழும். மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னழுத்தம் முற்றிலும் வடிந்ததை அளந்தறிந்த பின்னரே உள்ளே கைவைத்தேன். (நிறுத்திய பின்னும் அவை உயிரைப் பறிக்கவல்லவை.) உணரியின்மேல் டார்ச் வெளிச்சம் பட்டதும் மின்தடை சட்டென வீழ்ந்தது, அது நலமே. ஒலியைச் செலுத்தி அளந்தபோது, தகட்டுக்குச் செல்லும் மின்னழுத்தமும் குறைவின்றி இருந்தது. எஞ்சியது தகடு ஒன்றே. இத்தகைய தகடுகள் நாளடைவில் மங்கும். எனக்குக் கிடைத்ததோ பழையது.

புதியது வந்துசேரப் பத்து நாட்கள். தொண்ணூறு கடந்த பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்யவே இத்தனையும். நாளுக்கு நாள் அவருடைய குரல் தளர்ந்துகொண்டிருந்தது. தகடு வந்த அன்று மாலையே பொருத்தினேன். முள் அசைந்தது. தாத்தாவின் பெயரை அவர் மெல்ல உச்சரித்ததும், உடனே உரக்கச் சிரித்ததும், இரண்டுமே தெளிவாகப் பதிந்திருக்கின்றன.