சீட்டுப் பணமும் ஷேர் ஆப்ஷனும்

இரண்டு மாதத்துக்கு முன் சீட்டுப் பணம் 60,000 ரூபாய் கைக்கு வந்தது. சின்னவளின் காலேஜ் ஃபீஸுக்காக வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தது. "அதில் பத்தாயிரம் கொடும்மா, ஷேர் ஆப்ஷன் பழகறேன்" என்றான் பெரியவன். என்னவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். இந்த மாதிரி சமயத்தில் அவர் அப்படித்தான்!

"முதல்ல எனக்குப் புரிய வை" என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

நிலத்துக்கு விலை பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோமே, அது போலத்தான் 'கால்' ஆப்ஷன். இன்று 500 ரூபாய் விற்கும் பங்கை மாதக் கடைசியில் 520-க்கு வாங்கும் உரிமை. அதற்குப் பிரீமியம் பங்குக்கு 10 ரூபாய். ஒன்றிரண்டாகக் கிடைக்காது, லாட்டாகத்தான். லாட்டுக்கு 1,000 பங்கு என்றால் 10,000 ரூபாய். விலை 530-ஐத் தாண்டினால்தான் லாபம். 520-ஐ எட்டாவிட்டால் பத்தாயிரமும் போச்சு.

"525-ல நின்னா?" என்றேன். பையன் முழித்தான். விசாரித்தால், 2019-லிருந்து பங்கு ஆப்ஷன்களில் பங்கையே வாங்கியாகணுமாம். கெடு நாளுக்குள் ஆப்ஷனை விற்றுக் கழிக்காவிட்டால் 5,20,000 ரூபாய் கட்டணும். எங்கே போவது? 'கால்' விற்கிறவர் பாடு இன்னும் மோசம். வரவு பிரீமியம் மட்டும். நஷ்டத்துக்கு எல்லையே இல்லை.

2024-ல் செபி வெளியிட்ட கணக்கையும் காட்டினேன். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனி நபர்களில், மூன்று வருஷக் கணக்குப்படி நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம், சகோதரிகளே!

மூன்று மாதம் நோட்டில் மட்டும் வாங்கி விற்கச் சொல்லியிருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே தினமும் ராத்திரி எழுதுகிறான். முதல் மாதம் 7,400 ரூபாய் நஷ்டம், நோட்டில்தான். ஃபீஸ் போன வாரமே கட்டியாகிவிட்டது.