கார்ஷினின் தவளை

பஞ்சதந்திரத்து ஆமையின் கதி நமக்குத் தெரியும்: வாயைத் திறந்தது, விழுந்தது, செத்தது. கிட்டத்தட்ட அதே கதையை 1887இல் ருஷ்யக் குழந்தைகளுக்குச் சொன்னார் விசெவலோத் கார்ஷின். அதில் ஆமைக்குப் பதில் தவளை. தெற்கே போகும் வாத்துகளில் இரண்டு, ஒரு குச்சியின் இரு முனைகளையும் அலகில் பிடித்துக்கொள்ள, நடுவில் கவ்வியபடி தவளை பறக்கிறது. இது யாருடைய யோசனை என்று கீழே ஊர்ஜனம் வியக்கிறது. பொறுக்க முடியாமல் "நான்தான்!" என்று கத்தி விழுகிறது தவளை.

நம் கதைசொல்லி இங்கே நீதியைச் சொல்லி எழுந்துவிடுவார். கார்ஷின் எழவில்லை. தவளை விழுந்தது ஊரோரத்து அழுக்குக் குட்டையில். உயிர் போகவில்லை. தலையைத் தூக்கியதுமே மறுபடி "நான்தான்!" குட்டைத் தவளைகளிடம், தனக்கென்று வாத்துகள் இருப்பதாகவும் வசந்தத்தில் அவை திரும்பிவரும் என்றும் அளக்கிறது. வாத்துகள் வரவேயில்லை. தவளை தரையில் மோதிச் செத்திருக்கும் என்று நினைத்து அவை மிகவும் வருந்தின. அத்துடன் கதை முடிகிறது.

தற்பெருமைக்காரத் தவளைக்காகத் துக்கப்பட இரண்டு வாத்துகளை வைத்தாரே, அந்த மனசுதான் கார்ஷின். 1877 துருக்கிப் போருக்குத் தாமாகப் போய்க் காலில் குண்டடி பட்டவர். 'நான்கு நாட்கள்' கதையில், காயம்பட்ட சிப்பாய் தான் கொன்ற துருக்கியனின் அழுகும் பிணத்தருகே கிடக்கிறான். அந்தப் பிணத்தின் குடுவைத் தண்ணீர்தான் அவனைப் பிழைக்க வைக்கிறது. 1880இல், அரசின் உச்ச அதிகாரியான லோரிஸ் மெலிக்கோவை ஓர் இளைஞன் சுட்டான். குறி தவறியது, தூக்குத் தண்டனை. கார்ஷின் இரவோடிரவாக அந்த அதிகாரியிடமே போய், அவனை மன்னிக்கும்படி கெஞ்சினார். தூக்கு நிற்கவில்லை. அதன்பின் கார்ஷினின் மனம் கலங்கி, மனநல விடுதியில் இருக்க நேர்ந்தது. உலகத்தின் தீமையெல்லாம் ஒரு கசகசாப் பூவில் திரண்டிருப்பதாக நம்பி, அதைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாகும் நோயாளியின் கதையை, 'சிவப்பு மலர்' என்று 1883இல் எழுதினார்.

ஓவியர் ரேப்பின், கொடுங்கோலன் இவான் அடித்துக் கொன்ற மகனை வரைய இவரைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். 1885இல் முடிந்த அந்த ஓவியத்தில், தகப்பனின் பிடியில் சாகும் இளவரசன் முகத்தில் கோபமே இல்லை.

தவளைக் கதை வந்த மறுவருடம், 33 வயதில், பீட்டர்ஸ்பர்க்கில் மாடிப்படியிலிருந்து குதித்து, சில நாட்களில் இறந்தார். எழுதிய கதைகள் மொத்தமும் ஒரே புத்தகத்தில் அடங்கும். தல்ஸ்தோய்க்கும் தஸ்தயேவ்ஸ்கிக்கும் நடுவே அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், தவளையிலிருந்து தொடங்குங்கள்.